மூன்றாவது நாற்காலி

சிகாகோ
அக்டோபர் 9, 1961

அன்புள்ள அப்பாவுக்கு, எர்லீன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். குளிர்தான் இங்கே இப்போதே வந்து உட்கார்ந்துவிட்டது.

போன மாதம் கோர்ட்டிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. பதறாதீர்கள், நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஜூரியில் ஒருத்தியாக உட்காரக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே மிசிசிப்பியில், நீங்கள் பெருக்கித் துடைக்கிற கோர்ட்டில், நம் கறுப்பு நிறத்தாரை எவன் ஜூரிக்குக் கூப்பிட்டான்!

போலீஸ்காரரை அடித்ததாக ஒரு பஸ் டிரைவர் மேல் வழக்கு. நாங்கள் பன்னிரண்டு பேரும் வரிசையாக நுழைந்ததும் கூடமே எழுந்து நின்றது, நீதிபதி உட்பட. யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று நினைத்து நான் ஒதுங்கி வழிவிட்டேன். பின்னால் வந்த போலந்துக்காரம்மா முதுகில் இடித்தாள்.

“என்னம்மா நின்னுட்ட?”

“யாரோ வர்றாங்களே!”

“அட, நாமதாம்மா வர்றோம். நட!”

சர்க்கார் வக்கீல் இரண்டு நாள் முழங்கினார். எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை, குற்றமில்லை என்றோம். டிரைவர் தொப்பியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். சர்க்காரால் ஒன்றும் செய்ய முடியவில்லை அப்பா!

என் நீலக் கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். நம் ஊர்ப் பேப்பரில் சுற்றுங்கள், பழசானாலும் படிப்பேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும். நாளைக்கு அந்த ஜூரி நாற்காலிகளைத் துடைக்கும்போது, பக்கத்தில் யாரும் இல்லையென்றால், மூன்றாவதில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். இங்கே அதுதான் என் இடம்.

உங்கள் மகள்
எர்லீன்