செனாம் இடுப்பிலிருந்து உருவிய நான்கு மணிகள்

அன்பு மகன் எலிக்கெமுக்கு, அன்லோகாவிலிருந்து உன் சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம், ஹாம்பர்க் குளிரில் நீயும் அப்படியே இருக்கக் கடவுளைக் கேட்டுக்கொள்கிறேன். நான் இப்போது சொல்லப்போகும் கதையை இந்தக் கடற்கரையில் ஒருவனும் நம்ப மாட்டான் என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் என் குரல் உடைவது உனக்குக் கேட்டுவிடும்.

உன் மகன் செனாம் பிறந்தபோது போட்ட சத்தத்தில் உப்பங்கழி மீன்கள் தாமாகவே படகில் ஏறிக்கொண்டன. எடை மூன்று கிலோவுக்கும் மேலே, அரசனுக்குரிய எடை. எட்டாம் நாள் கூரையில் தண்ணீர் தெளித்துப் பெயர் வைத்து இடுப்பில் பாசிமணி கட்டினோம். சரம் இறுக இறுகப் பிள்ளை வளர்கிறான் என்று அர்த்தம், உனக்கும் அப்படித்தான் பார்த்தோம். இவனுக்கோ ஒரு மாதமாகியும் சரம் தொடைக்கு நழுவிக்கொண்டே இருந்தது, கண்ணின் மஞ்சளும் போகவில்லை. உன் அப்லா அத்தை ஊர் கேட்க, "அடியே யாய்ரா, உன் மாருல இருக்கிறது பாலா, கழித்தண்ணியா?" என்று கேட்டுவிட்டாள். உன் மனைவி அன்று சாப்பாட்டுக்கு வைத்த அக்ப்லே மாவுருண்டையைத் தொடவே இல்லை. எனக்குப் பொறுக்குமா? யாரும் பார்க்காதபோது சரத்தை அவிழ்த்து, நான்கு மணிகளை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இறுக்கிக் கட்டினேன். மறுநாள் அதே அத்தை, "பாத்தீங்களா, பிள்ளை ஊதிட்டான்!" என்று தெருவைக் கூட்டினாள். உலகத்தில் இதுவரை நடந்த முட்டாள்தனங்களுக்கெல்லாம் தலைமை தாங்கத் தகுந்தது நான் செய்த அந்த வேலை.

மணியை உருவிய பத்தாம் நாள் காலை செனாம் பாலுக்கு விழிக்கவில்லை. உடம்பு சில்லிட்டு, நனைந்த துணியாகக் கிடந்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு டாக்ஸியில் பறந்தோம், சக்கரம் தரையைத் தொட்டது பாலத்தில் ஒரே ஒரு முறைதான். டாக்டர் எனியோனாம் சின்ன வயசு, ஆனால் கண் கழுகுக் கண். குதிகாலில் குத்திப் பார்த்தார், ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்தில் இருந்தது. சர்க்கரைத் தண்ணீர் ஏற்றியதும் பிள்ளை கண் திறந்தான். வளர்கிறானா என்று கேட்டார். அத்தை முந்திக்கொண்டு, "விரல் நுழையாது டாக்டரம்மா, மணியைப் பாருங்க" என்றாள். அதை எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தார். அது காகிதத்தில் படுவதற்குள் நான்கு மணிகளையும் மேசைமேல் போட்டேன். "வளரலை தாயி, நான்தான் சரத்தைக் குறைச்சேன்." அத்தை என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "வெட்கங்கெட்டவனே, மணியைத் திருடியா பிள்ளையை வளத்தே?" டாக்டர் திட்டவில்லை, அளவு நாடாவை எடுத்தார், ரத்தம் எடுத்து அனுப்பினார்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி இருக்கிறதாம். வளர்ச்சி ஹார்மோனைச் சுரப்பதும், மற்ற சுரப்பிகளுக்கு உத்தரவு போடுவதும் அந்தத் தலைவரின் வேலை. நம் பிள்ளைக்கு அவர் தூங்குகிறார். சர்க்கரை இறங்கியதும் கண்ணின் மஞ்சள் போகாததும் அதனால்தானாம். வயிற்றுக்குள் வளர அவர் தயவு அவ்வளவாகத் தேவையில்லையாம், அதனால்தான் பிறந்த எடை நம்மை ஏமாற்றியது. இப்போது இரண்டு மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கிறோம், தினம் ஓர் ஊசி. ஒரு வேளையும் தப்பக்கூடாது, காய்ச்சல் என்றால் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அந்தத் தலைவர் நூறு வருடம் தூங்கட்டும், நூறு வருடமும் நான் ஊசி போடுவேன். உன் அத்தை குளிர்பெட்டியிலிருந்த மீனையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு மருந்தை வைத்துக் காவல் இருக்கிறாள். அன்று கேட்ட கேள்விக்கு யாய்ராவிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டாள், வானம் இடியவில்லை.

நீ வேலையை விட்டு ஓடிவர வேண்டாம். ஆனால் இன்றே யாய்ராவைக் கூப்பிட்டு, குற்றம் அவள் பாலில் இல்லை என்று உன் வாயால் சொல். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், சித்தப்பா சொன்னால் கதை என்கிறாள். மறந்துவிடாதே. நம் முன்னோர் உன் கைக்கும் காலுக்கும் துணை நிற்கட்டும்.

என் பேச்சை நீ எப்போதும் பாதியாகக் குறைத்தே படிப்பாய், படித்துக்கொள். ஒன்றை மட்டும் குறைக்காதே. நேற்றுக் கிளினிக் தராசில் தொங்கவிட்டபோது மூன்று வாரத்தில் நானூறு கிராம் ஏறியிருந்தான். நர்ஸ் எழுதினார், நான் பக்கத்தில்கூட நிற்கவில்லை.

உன் சித்தப்பா,
அக்பெகோ