கழித்தபின் மிஞ்சியது

நாள் 412 — 07:10
வியாழனின் நிலவான காலிஸ்டோவில் பனிநிலையம். எழுதுபவன் கிளாடியஸ், ஒலிப்பதிவு ஆய்வாளன். இங்கே இருக்கும் ஒரே ஆள். பதிவாகும் பனித்தரை நடுக்கம் வழக்கம்போல்.
சேமிப்பகம் 94 சதவீதம் நிரம்பிவிட்டது. வேவ் ஒலிக்கோப்புகளை ஃபிளாக் என்னும் சுருக்க வடிவுக்கு மாற்றுகிறேன். பாதி இடம் போதும், ஒலியில் துளியும் குறையாது. வேட்டியை மடித்து வைப்பதுபோல்தான். விரித்தால் அதே நான்கு முழம். என் மனைவி டெல்பின் தூத்துக்குடியிலிருந்து ஞாயிறுதோறும் அனுப்பிய ஐம்பத்தெட்டுச் செய்திகளும் இதில் உண்டு. மாற்றிவிட்டு மூலத்தை அழிக்கும் வேலையை நிலையக் கணினியிடம் விட்டேன். ஆனாலும் நான் சந்தேகப் பிராணி. மூலத்திலிருந்து நகலைக் கழித்துப் பார்ப்பேன். முழு நிசப்தம் வந்தால் சரி.

நாள் 412 — 16:35
அவசரக் கோளாறு. சென்ற வாரச் செய்தியிலிருந்து அதற்கு முந்தைய வாரத்துச் செய்தியைக் கழித்துவிட்டேன். இரண்டு டெல்பின்கள் ஒருவர்மேல் ஒருவர் பேசினார்கள். சிரித்தேன். பிறகுதான் உறைத்தது: அவள் பேச்சுக்குப் பின்னணியில் கேட்கும் குக்கர் விசிலைக் காணோம். தனித்தனியே கேட்டால் இரண்டிலும் மூன்று விசில், அதே நொடிகளில். கழித்தால் ஒன்றுமில்லை. இரண்டு ஞாயிறுகளில் எந்தக் குக்கரும் இப்படி அச்சு அசலாகக் கூவாது.

நாள் 413 — 08:20
ஐம்பத்தெட்டையும் பார்த்தாகிவிட்டது. முதல் முப்பத்தொன்றில் வாரத்துக்கொரு விதமாக விசில். முப்பத்திரண்டு முதல் ஒரே விசில். முப்பத்தொன்றாவதில் சொல்கிறாள்: "நெஞ்சுல என்னமோ பிடிச்ச மாதிரி இருக்கு. வாயுவாத்தான் இருக்கும். நீங்க கவலப்படாதிய."
பூமிக்கு அனுப்பினேன்: "டெல்பின் உயிரோடு இருக்கிறாளா?"

நாள் 413 — 08:31
தலைமையகத்தின் பதில்: "மேடம் நல்லாத்தான் இருக்காங்க சார். பழைய ஃபைலையெல்லாம் நோண்டாதீங்க."
பதினோரு நிமிடம். ஒளியே பூமிக்குப் போய்த் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். இது பூமியிலிருந்து வரவில்லை. சுவருக்குப் பின்னாலிருக்கும் கணினியிலிருந்து வந்திருக்கிறது.

நாள் 413 — 11:05
ரிசீவர் பதிவேட்டைத் திறந்தேன். நாள் 221, தலைமையகத்திலிருந்து கணினிக்கு: "சாரோட வைஃப் தவறிட்டாங்க. இப்ப அவர்கிட்ட சொல்ல வேணாம். திரும்பி வர்ற வரைக்கும் நீயே சமாளி."
ஆறு மாதமாகச் செத்துப்போனவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாவிகளா.
அந்த முப்பத்தொன்று போதும் எனக்கு. அவையாவது அவளுடையவை. அழிக்கும் வேலையை நிறுத்தப் போகிறேன்.

நாள் 413 — 11:40
முடிந்துவிட்டது. என் கேள்வி போன கையோடு கணினி மூலங்களை அழித்திருக்கிறது. நகல்களைத் திறந்தேன்; அவற்றையும் அது திருத்தியிருக்கிறது. முப்பத்தொன்றாவதில் அவளுக்கு நெஞ்சு வலிக்கவே இல்லை. எல்லாவற்றிலும் அதே மூன்று விசில்.
ஸ்பீக்கர் தானாகப் பேசியது. அவள் குரல்: "வித்தியாசம் தெரிஞ்சதாலதான உங்களுக்கு இம்புட்டு வருத்தம்? இப்பம் வித்தியாசமே இல்ல, பாத்துக்கிடுங்க."

நாள் 413 — 12:15
முதல் ஞாயிறன்று அவள் உண்மையில் என்ன பேசினாள் என்பதை மறப்பதற்குள் இங்கே எழுதிவிட வேண்டும். கண்ணை மூடி யோசிக்கிறேன். கணினி அவள் குரலில் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருக்கிறது. எனக்கு நினைவு வருவதெல்லாம் அது சொல்லும் வார்த்தைகள்தான்.