உயரமான கட்டில்

குண்டசாலை,
14.03.1999

அன்புள்ள தங்கச்சி கமலாசனிக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு நல்லூரான் துணை. என் மகன் அகிலனுக்கு உன் மகள் தர்சினியைக் கலியாணம் செய்வோமா என்று கேட்ட கடிதம் கிடைத்தது. பிள்ளையை யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியே எடுக்க உனக்கு வேறு வழியில்லை என்பது தெரியும்.

ஆனால் என் முதுகுவலிக்குக் கண்டியில் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பில் பழுதில்லையாம். முதுகுத் தசைதான் கரைந்து கொழுப்பாகிறதாம். தேடாமலே அகப்பட்ட வருத்தம். பரம்பரை நோய் என்கிறார் டொக்டர். அப்பா தரையிலிருந்து எழும்பும்போது முழங்காலைப் பிடித்துப் பிடித்து நிமிர்வாரே, சோம்பல் என்று சிரித்தோமே. அகிலனுக்கும் இருக்கலாம். உனக்கும் தர்சினிக்கும் இருக்கலாம். சொந்தத்துக்குள் முடித்தால் பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்தாலும் வரும். இந்தக் கலியாணம் வேண்டாம்.

"கமலா நம்பமாட்டா. எண்பத்திமூண்டை மனசில வச்சிருக்கிறியள் எண்டுதான் நினைப்பா" என்கிறாள் என் மனுசி. அந்த வருடக் கலவரத்துக்குத் தப்பி உங்கள் வீட்டுக்கு வந்த எங்களை உன் மனுசன் விறகறையில் படுக்கவைத்ததை நான் மறக்கவில்லைதான். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இல்லை என்றே நினைக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன் தம்பிராஜா


யாழ்ப்பாணம்,
02.05.1999

அன்பின் அண்ணைக்கு,

மச்சாள் சொன்னதுதான் சரி. இத்தனை வருடம் பொறுத்திருந்து ஒரு வருத்தத்தைப் பிடித்திருக்கிறீர்கள். தர்சினி இராணுவச் சென்றியைக் கடந்து வீடு திரும்பும்வரை ஒவ்வொரு நாளும் எனக்கு உயிரில்லை. அதைக்கூட நினைக்கவில்லை நீங்கள்.

எங்களில் ஒருவருக்கும் நோயில்லை. இந்தக் கவலையால்தான் என் உடம்பு விழுந்துவிட்டது. போன வெள்ளி கோயிலில் விழுந்து கும்பிட்டவள், எழும்ப ஏலாமல் கிடந்தேன். "முழங்காலைப் பிடியுங்கோ அம்மா" என்று தர்சினிதான் தூக்கினாள்.

இனி எழுதவேண்டாம்.

கமலாசனி


குண்டசாலை,
09.06.1999

அன்புள்ள கமலா,

எழுதவேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

கோயிலில் நடந்ததை டொக்டரிடம் சொன்னேன். "அவங்களையும் மகளையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார். உன்மேல் எனக்குக் கோபம் குறையவில்லை. ஆனாலும் உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறேன். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

கலியாணம் முடித்துத்தான் தர்சினி இங்கே வரவேண்டும் என்றில்லை. அவளோடு நீயும் வா. யாழ்ப்பாணத்தைவிட்டு வெளிக்கிட இராணுவத்திடம் பாஸ் எடுக்க டொக்டரின் கடிதத் துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் மனுசனும் வரலாம். அவரை எங்கே படுக்கவைப்பது என்று இன்னும் யோசிக்கவில்லை.

உங்கள் இருவருக்கும் முன் அறையை ஒழித்திருக்கிறோம். கட்டில் போட்டிருக்கிறது. உயரமான கட்டில். எழும்ப லேசு.

அண்ணன்