லார்கே என்றொரு சொல்

1937 ஆகஸ்ட் 19, வியாழன்
காலையிலிருந்து மழை. கோர்ட்டில் இரண்டே வழக்குகள். மொழிபெயர்ப்பாளனான எனக்கு அதிக வேலையில்லை. தீவின் கிழக்கே கான் தெ மாஸ்க் பக்கத்துத் தோட்டத்தில் கரும்பு வெட்டுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்களாம். மூன்று போலீஸ் லாரிகள் போயின. திரும்பி வரவில்லை.

ஆகஸ்ட் 23
வேலையை நிறுத்தியவர்கள் கூட்டமாகத் தோட்டத்து மேஸ்திரி விநாயகத்தைப் பிடித்து வைத்திருந்தபோது கல் விழுந்ததாம். ஒரு கண் போயிற்று. எறிந்தவன் யாரென்று தெரியவில்லை. ஆனால் “லார்கே” என்று கத்தியவனைப் பிடித்துவிட்டார்கள். பெயர் அப்பாசாமி. கரும்பு வெட்ட வருமுன் கிராண்ட் பே துறையில் பாய்மரப் படகில் இருந்தவன்.

செப்டம்பர் 7
நாளை விசாரணை. எல்லாம் அந்த ஒரு சொல்லில் நிற்கிறது. படகுக்காரர் சொல் — கட்டிய கயிற்றை அவிழ்த்து விடு. கரையிலிருக்கும் நாங்கள் அதை எதற்கெல்லாம் இழுத்துவிட்டோம்! பெண்டாட்டியைக் கைவிட்டாலும் லார்கே, நாயை ஏவினாலும் லார்கே, முகத்தில் ஒரு குத்து விட்டாலும் லார்கே. தமிழ் மட்டும் என்ன? ஆளை விடு என்கிறோம். ஒரு அறை விடு என்றும் சொல்கிறோம்.

கோர்ட்டுத் தலைமைக் குமாஸ்தா மொரிஸ் கூப்பிட்டார். நீதிபதிக்கு விளக்கமெல்லாம் பிடிக்காது, ஒரே சொல்லாகச் சொல், கலகக்காரனுக்குப் பொருந்துகிற சொல்லாகச் சொல் என்றார். என் வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு அவர் மேஜையில். அதைப் பற்றி அவர் பேசவில்லை. அதன்மேல் கையை வைத்திருந்தார்.

செப்டம்பர் 8
ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். ‘அடி’ என்று.

செப்டம்பர் 9
நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. விநாயகம் கூண்டில் நின்று, அவன் லார்கே என்று கத்தினான் என்றார். பிறகு கட்டுப்போட்ட முகத்தைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தார்: “என்னைப் பிடிச்சிருந்த கையெல்லாம் உடனே விட்டுடுச்சு. அப்புறந்தான் கல்லு வந்துச்சு.” பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது. அந்தப் பாதியை நான் ஆங்கிலத்தில் சொல்லவேயில்லை. ஏண்டா அப்படிச் செஞ்ச? பயமா? வேலையா?

அப்பாசாமிக்கு ஆங்கிலம் தெரியாது. நான் பேசி முடித்ததும் நன்றி சொல்வதுபோல என்னைப் பார்த்துத் தலையசைத்தான்.

ஐந்து வருஷம்.

செப்டம்பர் 19, ஞாயிறு
கோயிலில் அப்பாசாமியின் மனைவி அலமேலு. யாரோ சொல்லியிருக்கிறார்கள். அழவில்லை, சத்தம் போடவில்லை. “அந்த வார்த்தைய நீங்கதான் மாத்துனீங்கன்னு சொல்றாங்க. திரும்ப மாத்த முடியுமா, மிசியே?”

பிரசாதம் வாங்காமல் வந்துவிட்டேன்.

அக்டோபர் 4
வேலை நிரந்தரம். ஆணை வந்துவிட்டது. என் மனைவி காமாட்சி பாயசம் வைத்தாள். கிண்ணத்தைத் தள்ளிவைத்தேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “விநாயகத்தப் போய்ப் பாருங்க” என்றாள்.

அக்டோபர் 10
போனேன். தான் சொன்னதை எங்கே வேண்டுமானாலும் திரும்பச் சொல்வேன் என்றார். அப்பாசாமியின் வக்கீலிடம் இருவரும் எழுதிக் கொடுத்தோம்.

அக்டோபர் 14
மொரிஸ் என்னோடு பேசுவதில்லை. செவ்வாயிலிருந்து எங்கள் தெருமுனையில் ஒருவன் சைக்கிளோடு எங்கள் வீட்டைப் பார்த்தபடி நிற்கிறான். காமாட்சி ஜன்னலைத் திறப்பதில்லை.

நவம்பர் 11
மேல்முறையீடு. என் இடத்தில் வேறொருவர், நான் கூண்டில். விநாயகத்தின் பேச்சை முழுதும் சொன்னேன். அன்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். பயந்தேன் என்றேன். நீதிபதி அதைத் தன் கையால் எழுதிக்கொண்டார்.

நவம்பர் 13, சனி
அப்பாசாமியை இன்று விட்டார்கள். மொழிபெயர்ப்பை மாற்றியதற்கு எனக்குத் திங்கட்கிழமைக்குச் சம்மன். காமாட்சி என் கோர்ட்டுக் கோட்டைக் கொடியிலிருந்து எடுத்தாள். ஆணியில் மாட்டவில்லை, மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள். திங்கட்கிழமைக்கு ஒரு வெள்ளைச் சட்டை எடுத்து வைத்திருக்கிறாள்.