சும்மா காற்றுதானே என்றாய்

இயேசு மரி சூசை துணை

பாபநாசம்

அன்பு மகன் ஜோசப்ராஜுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் அப்பாவும் நானும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்றுதான் இந்த வாரம் முழுக்க ஜெபம், மனசு மட்டும் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. குறுவை அறுப்பு முடிந்து மில்லில் நெல் குவிகிறது, ஈர நெல் காய்வதற்குள் மழை வந்துவிடுமோ என்று அப்பா வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார், எனக்கு அந்தக் கவலைகூட இல்லை, உன் கவலைதான்.

போன வாரம் வீடியோவில் பேசும்போது, ஒர்க்‌ஷாப் காற்றுக் குழாயைப் பிடித்துச் சட்டை, தலை, கழுத்தெல்லாம் ஊதித் தூசி தட்டிக்கொண்டே பேசினாய், விரலில் பிளாஸ்டர் வேறு. நான் கத்தினதற்கு, சும்மா காத்துதானம்மா என்று சிரித்தாய். மறுநாளே இங்கே எங்கள் மில்லில் இர்பானுக்கு அதே சும்மா காற்றுதான். கறுப்பு அரிசி பொறுக்கும் மிஷினை ஓட்டுவானே, அவன்தான். அந்த மிஷின் ஒரு கறுப்பு அரிசியைக் கண்டதும் கம்ப்ரசர் காற்றைக் கண் சிமிட்டும் நேரம் விட்டு அதை மட்டும் தள்ளிவிடும், அதைப் பார்த்துப் பார்த்தே எங்களுக்குப் பயம் விட்டுப்போயிற்று. வேலை முடிந்து தலையிலிருந்த தவிட்டை ஊதும்போது குழாய் காதுப் பக்கம் திரும்பிவிட்டது, பாவம் பிள்ளை, அப்படியே உட்கார்ந்துவிட்டான், காது ஜவ்வு கிழிந்துவிட்டதாம். வெட்டுக்காயம் வழியாக அந்தக் காற்று உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் வேறு சொல்லியிருக்கிறார். எனக்கு உன் பிளாஸ்டர்தான் கண்ணில் வந்து நின்றது. அடேய், லாரிச் சக்கரத்து நட்டையே கழற்றுகிற காற்றடா அது, உன் தோல் அதற்கு எம்மாத்திரம்?

போனில் சொன்னால் நீ சிரிப்பாய், அதனால்தான் எழுதுகிறேன். இன்னொன்றும் போனில் சொல்ல வாய் வரவில்லை. சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடம் விட்டு மில்லுக்கு வருவாய், வேர்த்து நிற்கிறாயே என்று அந்தக் குழாயை உன் சட்டைக்குள் விட்டு ஊதியவள் நான்தான். நீ துள்ளித் துள்ளிச் சிரிப்பாய், இன்னொரு தடவைம்மா என்பாய். பழக்கிவிட்டவள் நானேதான், ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும், நீ விட்டுவிடு.

லீவு முடிந்து நீ இருக்கும் ஷார்ஜாவுக்கே திரும்பும் இளவழகன் கையில் கருவாட்டுப் பொடியும், தூசி தட்ட ஒரு துணி பிரஷும் கொடுத்தனுப்புகிறேன். எனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டேன், இத்தனை வருஷமும் நானும் ஊதிக்கொண்டவள்தானே. வேளைக்குச் சாப்பிடு, விரல் ஆறும்வரை தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். மாதா உன் தலைமேல் கை வைத்துக் காப்பாற்றட்டும். மறந்துவிடாதே, இன்னொரு தடவை வேண்டாமடா.

இப்படிக்கு,
உன் அம்மா விண்ணரசி