சனிக்கிழமைச் சீட்டுகள்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் நலம்தானே? உட்கார்ந்து எழுதப் பொறுமையில்லை. சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் மேசைமேல் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். வழி கிடைத்துவிட்டதடி!

அனுமதியில்லாமல் தங்கியிருப்பவர்கள் ஐந்து வருடம் ஒரே இடத்தில் வேலை செய்ததைக் காட்டினால் அரசாங்கமே அனுமதி தரும் என்று போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா? அதைக் கேட்டுத் துள்ளிக் குதித்தவன் மறுநாளே தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். எட்டு வருடமாக நான் இங்கே இன்னொருவருடைய அடையாள அட்டையில்தானே வேலை செய்கிறேன்? சம்பளப் பட்டியலில் அவர் பெயர், என் சட்டைப் பையின் மேலும் அவர் பெயர். காகிதத்தின்படி நான் இந்த ஊருக்கு வரவேயில்லை.

எங்கள் மெக்கானிக்கைத்தான் உனக்குத் தெரியுமே, என் அட்டை விஷயம் அறிந்தவர். தேநீர் வேளையில் டிவியில் எங்களைப் பற்றிய விவாதம் வந்தால் போதும், "இவனுங்க பாதிச் சம்பளத்துக்கு வந்து நின்னா, நமக்கு எவன் கூட்டித் தருவான்?" என்று என் முகத்துக்கு நேரே கேட்பார். சுருக்கென்று இருக்கும். ஆனால் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. முதலாளிகள் எங்கே அட்டை விஷயத்தைத் தோண்டுவார்களோ என்று பயந்து நான் ஒருநாளும் கூட்டிக் கேட்டதில்லை.

நான் சான்றில்லாமல் தவிப்பதைக் கேள்விப்பட்டு, நேற்று அவரே ஒரு பெட்டியைத் தூக்கிவந்து என் முன்னால் தொப்பென்று வைத்தார். இஸ்திரி இயந்திரத்தைச் சனிக்கிழமைதோறும் சுத்தம் செய்கிறவர், அதில் தொங்கும் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். வந்த முதல் வாரமே பழக்கதோஷத்தில் என் சொந்தக் கையெழுத்தைப் போட்டுத் தொலைத்தேன். பல்லி வால் என்று நீ கேலி செய்வாயே, அதேதான். மாற்றினால் சந்தேகம் வரும் என்று அதையே தொடர்ந்தேன். எதையும் தூக்கிப் போடாத அந்த மனுஷன் எட்டு வருடச் சீட்டுகளையும் சேர்த்து வைத்திருக்கிறார்! என் பாஸ்போர்ட்டில் இருக்கிற வாலும் இந்த வாலும் ஒன்றுதான் என்று தொழிலாளர் சங்கத்து வக்கீலம்மா பார்த்துச் சொல்லிவிட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மெக்கானிக்கைக் கும்பிடப் போனேன். "அட, உனக்காக இல்லப்பா. உனக்கு முழுச் சம்பளம் குடுத்தாத்தான் எனக்கு ஏறும்" என்றார். முறையாக வராதது தப்புதான் என்று இன்னமும் திட்டுகிறார். சாட்சி சொல்லவும் வருகிறார்.

போகாதீர்கள், பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று எழுதியிருந்தாய். மறைக்க மாட்டேன். அடுத்தவர் அட்டையில் வேலை செய்ததை நானே ஒப்புக்கொள்ள வேண்டும். மன்னிக்காவிட்டால் சிறை, பிறகு வெறுங்கையோடு விமானம். மன்னித்தால் இரண்டே மாதத்தில் வந்து பாப்பாவைத் தூக்குவேன். நான் கிளம்பும்போது உன் வயிற்றில் இருந்தவள், இப்போது என்ன கனம் இருப்பாள்?

திங்கட்கிழமை காலை குடியேற்ற அலுவலகத்தில் முதல் ஆளாகப் போய் நிற்பேன். விண்ணப்பத்தில் பெயர் என்ற இடத்தில் என் கை தானாக அவர் பெயரை எழுதிவிட்டது. வேறு தாள் வாங்கி எழுதினேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இத்தனை வருடமும் உறையின் மேல் அவர் பெயரைத்தான் எழுதி அனுப்பினாய். அடுத்த உறையில் பாப்பாவை விட்டு என் பெயரை எழுதச் சொல். பெரிதாக எழுதட்டும். தபால்காரர் வாசலில் நின்று அதைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். எல்லார் எதிரிலும் நான்தான் என்று கை தூக்க வேண்டும்.

உன்னைப் பார்க்கத் தவிக்கும்,
உன் பல்லி வால்காரன்