நான் இழுக்காத துணி

இன்று காலை கம்பெனி வேனில் தார்ப்பாயைச் சரியாகக் கட்டாமல் வந்ததில் நாலு ரோல் துணி நனைந்துவிட்டது. டிரைவரை நாலு வார்த்தை கேட்க வேண்டியவன் நான்தான், கேட்கவில்லை. ஒரு ரோலைப் பிரித்து, குடோனில் இரண்டு தூண்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிக் காயப்போட்டார்கள். ஈரப் பருத்தி வாடை குடோன் முழுக்க ஏறியது. கொஞ்ச நேரத்தில் துணி நடுவில் தொய்ந்து இடுப்பு உயரத்துக்கு இறங்கியது. நான் எழுந்துபோய் அதன் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். செக்கிங் பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு தண்ணீர் கேன்தான் இருந்தது. அதற்குப் பின்னால் நீங்கள் நிற்பீர்களோ என்றுதான் பார்த்தேன். இதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து மனைவியோடு வந்து, இருவருமாக இதே பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றீர்கள். பிறகு ஆற்றங்கரை மான் பூங்காவில் தற்காலிகக் காவலர் வேலை கிடைத்ததும் பனியனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினீர்கள். சம்பளம் குறைவு, வீட்டில் சண்டை. நான்கூடக் கிண்டல் செய்தேன். "மானுக்கு ஷிப்மென்ட் தேதி கிடையாது மாஸ்டர்" என்று ஒரே வரியில் என் வாயை அடைத்தீர்கள். அந்த வாரம் முழுக்க எனக்கு ஷிப்மென்ட் நெருக்கடி.

அதற்குப் பிறகும் மாதம் ஒருமுறை என்னைத் தேடி வருவீர்கள். ஓட்டை விழுந்து கழித்த துணி ரோல்கள் உங்களுக்கு வேண்டும். மானை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்ற நீங்கள் ஒரு வழி வைத்திருந்தீர்கள். விரட்டக் கூடாது, பிடிக்கவும் கூடாது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குத் துணியைக் கட்டிச் சந்துபோல் ஆக்கிவிட்டால், அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாத வரை மான் அதைத் தாண்டாது, தானாக நடந்து போய்விடும் என்பீர்கள். தார்ப்பாய் காற்றில் படபடக்கும், துணி சத்தம் போடாது. "மானு அடிபட்டுச் சாவாது மாஸ்டர், பயந்துதான் சாவும்" என்று சொல்வீர்கள்.

கயிறு கட்டாமல் பின்னல் துணியையே இழுத்துக் கம்பத்துக்குக் கம்பம் முடிச்சுப் போடும் யோசனை என்னுடையது. பனியன் துணி இழுத்த இழுப்புக்கு வரும், விறைப்பாக நிற்கும். வெயில் காலத்தில் இரண்டு முறை செய்து பார்த்தோம், சுவர்போல் நின்றது. எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அந்த ஐப்பசியில் மேற்கே மூன்று நாள் விடாத மழை. காலை ஆறரைக்கு உங்கள் போன் வந்தது. ஆறு கம்பிவேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது, மான்கள் எல்லாம் தாழ்வான கொட்டகைப் பக்கம் ஒண்டிக்கொண்டு நிற்கின்றன, கிழக்கு மேட்டு அடைப்புக்கு ஏற்றியாக வேண்டும், துணி வேண்டும் என்றீர்கள். குடோன் சாவி என்னிடம். கம்பெனி வேனில் ரோல்களை ஏற்றிக்கொண்டு வந்தேன். பல்லடம் ரோட்டில் தெரிந்தவர் ஒருவரின் தறிக்குடோனைத் தாண்டித்தான் வந்தேன். அங்கே காடாத் துணி மலைபோலக் கிடக்கும். நெய்த துணி நனைந்தால் தொய்யாது. ஒரு நிமிடம் வண்டியை நிறுத்தலாமா என்றுகூட நினைத்தேன். நம்ம துணி இருக்கும்போது அவரிடம் எதற்குப் போய் நிற்பது என்று வந்துவிட்டேன்.

என் தொழில் என்னவென்று உங்களுக்குத் தெரியும். தினமும் துணியில் ஒரு துண்டு வெட்டி, நனைத்து, எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்து எழுதுகிறவன். எனக்குச் சம்பளமே அதற்குத்தான். அன்று கொட்டுகிற மழையில், பின்னல் துணியை என் கையாலேயே இழுத்து இழுத்துக் கட்டினேன். நனைந்தால் இது தொய்யும் என்று வழியில் வந்த அந்த நினைப்பு, கட்டும்போது ஒரு தடவைகூட வரவில்லை.

பூங்காவுக்குப் பொறுப்பான வனவர் அம்மா எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். யாரும் பேசக் கூடாது, ஓடக் கூடாது, செல்போனை அணைத்துவிட வேண்டும். நான் மேட்டில் கதவருகே நிற்க வேண்டும். நீங்கள் ஆற்றுப் பக்கத் துணிக்கு வெளியே, தொடையளவுத் தண்ணீரில். அங்கிருந்து உங்களுக்கு உள்ளே எதுவும் தெரியாது. அதனால் நமக்குள் ஒரு ஏற்பாடு. கடைசி மான் ஏறிக் கதவைச் சாத்தியதும் நான் துணியை இரண்டு முறை இழுக்க வேண்டும்.

முதல் மான்கள் நாலைந்து ஏறியதுமே ஆற்றுப் பக்கத் துணி நடுவில் இறங்க ஆரம்பித்தது. துணிக்கு மேலே பழுப்பாக ஆறு ஓடுவது தெரிந்தது. அடுத்து வந்த பெட்டை மான் அங்கேயே நின்று காதைத் திருப்பியது. அது தாண்டியிருந்தால் மந்தை முழுக்க ஆற்றில்தான் போயிருக்கும். அப்போது தொய்ந்த துணி மெல்ல மேலே எழும்பியது. நீங்கள் அதன் விளிம்பைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிவிட்டீர்கள். என் பக்கத்திலிருந்து உங்கள் பத்து விரல்கள் மட்டும்தான் தெரிந்தன. மான் அந்த விரல்களைப் பார்த்தது. பிறகு நடந்தது.

ஒன்றும் இரண்டுமாக அவை ஏறி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நனைந்த துணியின் கனம் எனக்குத் தெரியும். அதை அவ்வளவு நேரம் தூக்கிப் பிடித்து நின்றீர்கள்.

கதவைச் சாத்தினோம். எண்ணிப் பார்த்தால் இருபத்தாறு. இருபத்தேழு இருக்க வேண்டும். மறுபடி எண்ணினோம், இருபத்தாறுதான். வனவர் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. மூன்றாவது முறை எண்ணும்போதுதான் ஒரு குட்டி, தாயின் வயிற்றுக்கடியில் ஒட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எங்கள் வேன் டிரைவர் அதற்குள் கேனில் டீ வாங்கி வந்திருந்தார். நானும் ஒரு டம்ளர் வாங்கினேன். இரண்டு வாய் குடித்தேன். உங்களுக்கும் ஒன்று கொடுக்கலாம் என்று திரும்பியபோதுதான் பார்த்தேன். துணிக்கு மேலே பத்து விரல்களும் அப்படியே இருந்தன.

கதவு சாத்தி அரை மணி நேரம் ஆகியிருந்தது. நான் துணியை இழுக்கவே இல்லை.

டம்ளரைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். "முடிஞ்சுதுங்க, விட்ருங்க" என்றேன். உங்களால் கையை இறக்க முடியவில்லை. முழங்கையைப் பிடித்து நான்தான் மடக்கி இறக்கிவிட்டேன். அப்போதும் நீங்கள் கேட்டது "எத்தனை ஏறுச்சு?" என்றுதான். இருபத்தேழும் என்றதும் சிரித்தீர்கள். உங்கள் கெண்டைக்காலில் முள்கம்பி கிழித்த காயம் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது.

பெரிய அதிகாரி வந்து விசாரித்தபோது நீங்கள் சொன்னதை நான் மறக்க முடியுமா? "துணி நின்னுச்சு சார். மாஸ்டர் கட்டுன துணில்லா." அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். மறுநாள் கம்பெனியில் எனக்குச் சால்வை போட்டார்கள். உங்களையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள், நீங்கள் தட்டவில்லை. ஏன் என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

பத்து நாளில் காய்ச்சல். கண் மஞ்சளாகிவிட்டது. எலிக்காய்ச்சல், வெள்ளத் தண்ணீரில் காயத்தோடு நின்றதால் வந்திருக்கும் என்றார் டாக்டர். எவ்வளவு நேரம் நின்றால் வரும் என்று நான் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். அப்படிக் கணக்கெல்லாம் கிடையாது, ஐந்து நிமிடமும் போதும் என்றார். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நாலாம் நாள் நீங்கள் இல்லை. ஒரு மணி நேரத்திலா, இல்லை நான் டீ குடித்த அந்த அரை மணி நேரத்திலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

உங்கள் மனைவி இன்னும் இங்கேதான் இருக்கிறார், என் அறைக்கு எதிரே மூன்றாவது டேபிள். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்து கொடுப்பார். நான் வாங்கிக்கொள்வேன். இந்த இரண்டு வருடத்தில் அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை, வேலையைத் தவிர.

இன்று நான் தொய்ந்த துணிக்குப் பின்னால் எட்டிப் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். டீ நேரத்தில் அறை வாசலில் வந்து நின்றார். நானாகத்தான் சொன்னேன். "அன்னைக்குத் துணி நிக்கலீங்கம்மா."

"தெரியும்ண்ணே" என்றார். "ரெண்டு நாளு அவுகளுக்குக் கையத் தூக்க வரலை. நாந்தான் சோறு ஊட்டிவிட்டேன். துணி நின்னுருந்தா கைக்கு என்ன வேலை?"

சொல்ல ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தவில்லை. இரண்டு முறை இழுக்க வேண்டியதை, எண்ணிக்கையை, சிரிப்பை, டீயை, எல்லாவற்றையும் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. முகம் மாறியதிலேயே தெரிந்தது. நீங்கள் வீட்டில்கூடச் சொல்லவில்லை. அவர் கையிலிருந்த ஸ்டிக்கர் சுருளைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"நீங்க இழுப்பீகன்னுதான நின்னுருப்பாக" என்றார். அவ்வளவுதான். தன் டேபிளுக்குப் போய்விட்டார். மன்னித்தாரா என்று தெரியவில்லை. இனி முறுக்கு வருமா என்றும் தெரியவில்லை, வராவிட்டால் அது நியாயம்தான்.

எனக்கு அந்த ஒரு வார்த்தை போதவில்லை, அதுவே தாங்கவும் முடியவில்லை. தோள் கடுக்கக் கடுக்க நீங்கள் நின்றது மானுக்காக மட்டும் இல்லை. மாஸ்டர் மறக்கமாட்டார் என்று நின்றிருக்கிறீர்கள். இன்னும் அப்படித்தான் நிற்கிறீர்கள். நான் நனைத்து அளக்கிற ஒவ்வொரு துண்டுத் துணியின் விளிம்பிலும் அந்தப் பத்து விரல்கள் இருக்கின்றன.

சாயங்காலம் பெல் அடித்து எல்லோரும் வேனுக்குப் போன பிறகு குடோனுக்குப் போனேன். துணி காயவில்லை. விளிம்பைப் பிடித்து இரண்டு முறை இழுத்தேன். அசைவு மறுமுனை வரைக்கும் போய்த் தூணில் நின்றது.

இருபத்தேழும் ஏறிருச்சுங்க. கையை இறக்கிக்குங்க.